கூட்டி வைத்த காற்று

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு அது வேறு எங்கே இருக்கும்? சைரன் காதைக் கிழிக்கிறது, முன்னால் போகிற காரில் இருப்பவர் கைப்பேசியில் கதை பேசிக்கொண்டு நடுச்சாலையில் ஊர்வலம் போகிறார். ஆகவே நான் யாரையாவது காரமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என் வண்டியின் பின்பக்கத்தில் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறவளைப் பற்றி. அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், அவள் என்னை அண்ணே என்பாள். அவள் குடியிருக்கிற தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அந்தப் பெயரால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இதற்கு முன்னால் அவள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். வார் அறுந்துவிட்டது என்று சண்டைக்கு வந்த ஆளையும் உட்காரவைத்து, ஆற அமரப் பேசி, புது ஜோடியை மாட்டி அனுப்பிவிடுவாளாம். அவள் கணவர் இதைப் பெருமையாகச் சொல்வார். அவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் மின்சாரத்தைப் பற்றித்தான் பேசுவார். செருப்புக் கடையை இழுத்து மூடியபோது அவள் வேறு வேலை தேடினாள். ஆம்புலன்ஸில் முதலுதவி செய்ய ஆட்கள் தேவை, பள்ளிப் படிப்பு போதும், பயிற்சியும் சீருடையும் நாங்களே தருவோம் என்று விளம்பரம் வந்தது. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்று நேர்காணலில் கேட்டிருக்கிறார்கள். வராது என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி ஒன்றரை மாதம். என் மைத்துனி புருவம் திருத்தவும் முடி வெட்டவும் படிக்க ஒரு வருடம் போனாள். தங்கச்சியின் கணவரை மெயின் பெட்டியில் கை வைக்க அவருடைய முதலாளி இரண்டு வருடம் விடவில்லையாம். இந்த வண்டியை ஓட்டுகிற உரிமத்துக்கு நான் அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவளுக்கு மட்டும் ஒன்றரை மாதம் தாராளம் என்று எந்தப் புண்ணியவானோ முடிவு செய்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டால் நாலு வார்த்தை கேட்கலாம் என்று இருக்கிறேன், இதுவரை படவில்லை.

ஒரு கட்டடத்தின் மாடியில் வகுப்பு. நெஞ்சை அழுத்திப் பழக ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அதற்கு இடது கை கிடையாது. வகுப்பே அதை மாமா என்று கூப்பிட்டது. எல்லோரும் வரிசையில் நின்று மாமாவுக்கு உயிர் கொடுத்தார்கள். எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டுவது, கழுத்தை அசையாமல் எப்படித் தூக்குவது, வழியில் பிரசவம் ஆனால் என்ன செய்வது, எல்லாம் ஓட்டமும் நடையுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆக்ஸிஜனுக்கு ஒரு மத்தியானம். சிலிண்டரை எப்படித் திறப்பது, எண்ணெய்க் கையோடு ஏன் கிட்டே போகக் கூடாது, முகமூடியை எப்படி மாட்டுவது, அளவு காட்டுகிற முள் எங்கே வந்தால் சிலிண்டரை மாற்றுவது என்று பாடம். மூச்சு முட்டினால் ஆக்ஸிஜன் கொடு என்றார்கள். யாருக்குக் கூட்டிக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு நாம்தான் கண் அயர்ந்துவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. பின்னால் கூடப் படித்தவர்கள் எல்லோரையும் விசாரித்துப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் சேர்ந்தாற்போல் கண் அயர்ந்திருக்க முடியாது.

சீருடையைப் போட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியதும் ஊர் அவளை டாக்டர் ஆக்கிவிட்டது. நோயாளி வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றால், "டாக்டர் வந்தாச்சு, வழி விடுங்க" என்று ஒரு குரல் கேட்கும். ஆரம்பத்தில், நான் டாக்டர் இல்லைங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் அவர்கள் முகம் தொங்கிப்போகும். டாக்டர் இல்லாமல் எதற்கு வந்தீர்கள் என்று ஒருவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். பிறகு அவள் மறுப்பதை விட்டுவிட்டாள். நடுங்கிக்கொண்டிருக்கிற ஆளிடம் போய் என் படிப்பு இவ்வளவுதான் என்று விளக்கிக்கொண்டா இருக்க முடியும் என்பாள். அவளுடைய மகளும் பள்ளியில் எங்க அம்மா டாக்டர் என்று அடித்துவிட்டிருந்தாள். அதைத் திருத்தவும் அவளுக்கு மனம் வரவில்லை.

வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. வண்டிக்குள் இரண்டு பிரசவம் பார்த்திருக்கிறாள். மேம்பாலத்துக்குக் கீழே விழுந்து கிடந்த ஒருவனை, அசையாதே அசையாதே என்று பேசிப் பேசியே தூக்கி வந்து சேர்த்தாள். செருப்புக் கடைப் பேச்சு இங்கேயும் கைகொடுத்தது. அவள் தொட்டால் சரியாகிவிடும் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். அவளும் கொஞ்சம் அப்படி நம்ப ஆரம்பித்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதை ஒரு குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் பட்டறைக்காரர் வந்து சேர்ந்தார். ஆயுள் முழுக்க இரும்பு உருக்குகிற பட்டறையில் புகையைக் குடித்தவர், அது போதாதென்று பீடியும் குடித்தவர். பல வருடமாக நெஞ்சில் இரைப்பு. பக்கத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று கைகழுவிவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அவருடைய மனைவி கூட ஏறினார். பட்டறைக்காரர் படுக்க முடியாமல் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். உதடு நீலம் பூத்திருந்தது. விரலில் மாட்டுகிற கருவி எண்பதுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற எண் அது. தங்கச்சி முகமூடியை மாட்டிச் சிலிண்டரின் திருகைத் திறந்தாள். எண் ஏறியது, தொண்ணூறைத் தொட்டு நின்றது.

அந்த அம்மா கணவரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கூட்டி வைம்மா. நல்லா மூச்சு விடட்டும்" என்றார். தங்கச்சி திருகை முழுசாகத் திறந்தாள். எண் தொண்ணூற்றொன்பதுக்குப் போனது. பட்டறைக்காரரின் தோள் தளர்ந்தது. இழுப்பு அடங்கியது. மெல்லச் சாய்ந்து கண்ணை மூடினார். ரெண்டு நாளாப் பொட்டுத் தூக்கம் இல்ல, இப்பத்தான் தூங்குறாரு என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசியில் ஒரு டாக்டர் இருப்பார், அவரிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. தங்கச்சி சொன்னாள். அவர் எண் என்ன என்று கேட்டார். தொண்ணூற்றொன்பது என்றாள். ரொம்ப நல்லது, அப்படியே கொண்டு போங்கள் என்று வைத்துவிட்டார். அவருக்கு இன்னும் எத்தனை வண்டி காத்திருந்ததோ. வேறு எதையாவது கேட்க வேண்டும் என்றால் அவளுக்கு எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கண்ணாடியைத் தள்ளி, "அண்ணே, சைரன நிறுத்திட்டு மெதுவாப் போங்க. தூங்குறாரு" என்றாள். நானும் நிறுத்தினேன். குழி இருக்கிற இடமெல்லாம் பார்த்துப் பார்த்து, குழந்தையைத் தூளியில் எடுத்துப் போகிற மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பணியில் இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். வந்ததும் பட்டறைக்காரரின் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். அவர் விழிக்கவில்லை. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார் என்று கேட்டார். தூங்குறாருங்க டாக்டர் என்று தங்கச்சி கொஞ்சம் மகிழ்ச்சியாகவே சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து எங்கள் சிலிண்டரின் திருகைப் பார்த்தார். "இது தூக்கம் இல்லைங்க" என்றார். அதற்குப் பிறகு உள்ளே ஒரே ஓட்டம். பட்டறைக்காரரின் தொண்டைக்குள் குழாய் இறக்கி இயந்திரத்தில் போட்டார்கள். அந்த அம்மா வெளியே, எதுவும் தெரியாமல், எங்கள் இருவருக்கும் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி என்னோடு வண்டிக்கு வரவில்லை. தாழ்வாரத்தில் நின்று, டாக்டர் வெளியே வந்ததும் வழிமறித்தாள். டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். இப்படிப் பல வருடம் நுரையீரல் கெட்டவர்களின் உடம்பு குறைந்த ஆக்ஸிஜனுக்குப் பழகிவிடும். அவர்களுக்குத் தொண்ணூறை ஒட்டி இருந்தாலே போதும். அதற்கு மேல் ஏற்றினால் வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தங்கும். தங்கத் தங்க மூளை மந்தமாகும், கண் சொருகும், மூச்சும் மெல்லக் குறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருக்கும். எண்ணும் அழகாக இருக்கும். இதுதான் அவர் சொன்னதன் சாரம். உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று கேட்டாராம்.

பட்டறைக்காரர் இயந்திரத்திலேயே ஒரு வாரம் போல இருந்தார். இடையில் நெஞ்சில் கிருமி புகுந்தது. இறந்துவிட்டார். தங்கச்சி மறுபடியும் அந்த டாக்டரைத் தேடிப் போனாள். நான் வாசலில் வண்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்து ஏறியவள் பெல்ட்டை மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதனாலதான்னும் சொல்ல முடியாதாம்ணே. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாதாம்" என்றாள். அதைவிட, நீதான் கொன்றாய் என்று சொல்லியிருந்தால் அவள் ஒருமுறை அழுது தீர்த்திருப்பாள். இது உள்ளேயே கிடந்து அறுத்தது.

அவள் அலுவலகத்துக்குப் போய் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எந்தத் தீயையும் தண்ணீர் ஊற்றாமல் பேச்சை ஊற்றியே அணைக்கப் பார்ப்பார். மூச்சு முட்டினால் ஆக்ஸிஜன் கொடு என்பது விதி, நீ விதிப்படி செய்தாய், உன் மேல் தப்பே இல்லை என்றார். விதியே அரைகுறையாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு நாள் எங்களுக்கு வகுப்பு வையுங்கள் சார், இந்த மாதிரி இன்னும் எது எது இருக்கிறது என்று ஒரு டாக்டர் வந்து சொல்லட்டும் என்றாள். எல்லோரும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் வண்டியில் யார் போவது என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்புறம், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, வெளியே யாரிடமும் உளறியும் வைக்காதே என்று முடித்துவிட்டார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்கு வந்தது. வீட்டுக் கடனை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

தப்பே இல்லை என்று மேலே இருப்பவர் சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. என்னிடம் ஒருநாள், "என் மேல தப்பு இல்லைன்னா யார் மேலண்ணே? அவரு செத்தாரு இல்ல?" என்றாள். நான், பட்டறை மேல், பீடி மேல், பாடம் நடத்தின ஆள் மேல், அதைக் கேட்டு மண்டையை ஆட்டின மேலிடத்து ஆட்கள் மேல் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் திருகைத் திருப்பினது அவங்க யாரும் இல்லையே என்றாள்.

அதன் பிறகு எங்கள் வண்டியில் யாரும் தூங்க முடியவில்லை. காலில் அடிபட்டவன் கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், தோளைப் பிடித்து உலுக்குவாள், பெயரைச் சொல்லுங்க, வீட்டில் எத்தனை பேரு என்று வாயைக் கிளறிக்கொண்டே வருவாள். உன் வண்டியில் வருவதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். நானும் கேலி செய்தேன், அவள் சிரிக்கவில்லை. வீட்டிலும் அதே கதை. தூங்குகிற மகளைத் தட்டி எழுப்பி விழிக்கிறதா என்று பார்த்தாளாம். பிள்ளைக்குப் பள்ளியில் தலை சாய்கிறது என்று அவள் கணவர் என்னிடம் வந்து சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார். விட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு ஒன்றரை மாதத்துக்காரர் வருவார், அவருக்கு இது கூடத் தெரியாது என்று அவள் சொன்னாளாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதெல்லாம், ஒப்படைத்த கையோடு ஓரமாக நின்று யாரையாவது பிடித்து ஏதாவது கேட்பாள். வாந்தி எடுப்பவரை எப்படிப் படுக்கவைப்பது, சர்க்கரை குறைந்தால் எப்படித் தெரியும் என்று. சிலர் சொல்வார்கள். சிலர், இதெல்லாம் உனக்கு எதற்கம்மா என்று போய்விடுவார்கள். நான் வெளியே ஹாரனை அடித்துக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கையில் பட்டறைக்காரரின் மனைவி ஒருநாள் காலையில் எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். தங்கச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் பிள்ளைகள் கூடச் செய்யாததைச் செய்தாய் என்றார். "கடைசியா அவரு நிம்மதியாத் தூங்குனது உன் வண்டிலதாம்மா. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன்" என்றார். தங்கச்சி பையை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றாள். நான்தான் வாங்கி வைத்தேன். அந்த அம்மா போன பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த அழைப்பு வரும் வரை வெளியே வரவில்லை.

சொல்லிவிடவா அண்ணே என்று அதன் பிறகு அடிக்கடி கேட்டாள். நான் கூடவே கூடாது என்றேன். இப்போதும் நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். போன உயிர் திரும்பப் போவதில்லை. அந்த அம்மாவிடம் மிச்சம் இருப்பது அந்தத் தூக்கம் ஒன்றுதான், அதையும் பிடுங்கினால் உனக்கு மனசு லேசாகும், அவருக்கு? உன் பாரத்தை இறக்கி வைக்க அந்த அம்மாவின் தலைதானா கிடைத்தது என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் அதை ஒப்புக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், நிலையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மா மருந்துக் கடைப் பையோடு ஒதுங்க வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கொழுந்தனுக்கும் அதே நோய், அதே பட்டறை, அவனும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான் என்றார். பிறகு பெருமையாகச் சொன்னார்: "வீட்டுலயே ஒரு சிலிண்டர் வாடகைக்கு வாங்கி வச்சுட்டேம்மா. டாக்டரு ஏதோ ஒண்ணுல வைங்க, ரெண்டுல வைங்கன்னு கஞ்சத்தனமாச் சொன்னாரு. நான் கேக்கல. மூச்சு முட்டுனா நீ செஞ்ச மாதிரி முழுசாத் தொறந்து விட்டுருவேன்."

தங்கச்சி டம்ளரை வைத்துவிட்டாள். வாயைத் திறந்தாள். அதற்குள் நிலையத்தில் மணி அடித்துவிட்டது. பள்ளி வாசலில் விபத்து. சிலிண்டரத் தொடாதீங்கம்மா, சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க என்று கத்திக்கொண்டே ஓடி வந்து ஏறினாள். அன்றைக்கு அவள் வேலை பார்த்தாள், ஆனால் மனசு அங்கே இல்லை. திரும்பி வரும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய கதையை எடுக்காதே, புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது, இனிமேல் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் திறக்கக் கூடாதாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றேன். அவளும் சரி என்றாள். சாயங்காலம் பணி முடிந்ததும் என் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனேன்.

ஒற்றை அறையும் சமையல் கட்டும் உள்ள வீடு. கட்டிலில் கொழுந்தன் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் சிலிண்டர். அந்த அம்மா அதற்குப் பழைய துணியில் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். தங்கச்சி முதலில் அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தாள், பேச்சுக் கொடுத்தாள், அவர் தெளிவாகப் பதில் சொன்னதும்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். பேசிவைத்தபடியே சொன்னாள். புது விதி வந்திருக்கும்மா, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு நூல் கூட ஏற்றக் கூடாது, ஏற்றினால் ஆளுக்கே ஆபத்து, தூங்கிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள் என்றாள்.

அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அளவைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். எழுந்து எங்களுக்கு டீ போடப் போனார். போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அப்ப அன்னைக்கு?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். நான் வாசலில் இருந்து தங்கச்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்புக் கடையில் எத்தனை பேரைச் சமாளித்தவள், அன்றைக்கு அவளுக்கு ஒரு சமாளிப்பும் வரவில்லை.

"அன்னைக்கு நான் கூட்டி வச்சது தப்பும்மா. அவரு தூங்கல. கெட்ட காத்து உள்ள தங்கி மயங்கிப் போயிட்டாரு. எனக்குத் தூக்கத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல."

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நான் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தேன். அவர் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தானே கூட்டச் சொன்னேன்" என்றார். "உன் கையப் புடிச்சு நான்தானே சொன்னேன்."

இதை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. எத்தனையோ நாள் இதைப் பற்றியே பேசியிருக்கிறோம், சொல்லலாமா கூடாதா என்று என்னவெல்லாமோ யோசித்திருக்கிறோம், இது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. தங்கச்சி ஸ்டூலில் இருந்து இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் சொன்ன விதியை அப்போது எடுத்துவிட்டிருக்கலாம். விதிப்படி செய்தேன், யார் மேலும் தப்பில்லை என்று சொன்னால் அந்த அம்மாவின் பழியும் சேர்ந்து போயிருக்கும். அவள் அதைத் தொடவில்லை.

"நீங்க சொல்லலைன்னாலும் நான் கூட்டியிருப்பேம்மா. நீங்க பயத்துல கேட்டீங்க. வேணாம்னு சொல்ல வேண்டியது நான். எனக்குத் தெரியாததாலதான் சொல்லல. இது என்னோடது. நீங்க இதுல பங்கு கேக்காதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. தூங்குகிறார் என்று சைரனை நிறுத்தி ஊர்ந்து போனவன் நான். என் பங்கை அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்த அம்மா அழவில்லை. தங்கச்சியை ஏற இறங்கப் பார்த்தார். சீருடைச் சட்டை, பெயர்ப் பட்டை, பையில் இருந்து எட்டிப் பார்த்த ஸ்டெதாஸ்கோப், எல்லாவற்றையும் பார்த்தார். "தெரியாமயா வண்டில அனுப்புறாங்க?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம்மா என்றாள் தங்கச்சி. ஒன்றரை மாதப் பயிற்சியையும், ஒற்றைக் கை பொம்மையையும், அந்த ஒரு மத்தியானப் பாடத்தையும் சொன்னாள். தான் டாக்டர் இல்லை என்பதையும் சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாயால் அதை நான் கேட்டேன்.

"இப்ப இது தெரிஞ்சுக்கிட்ட."

"தெரிஞ்சுக்கிட்டேம்மா."

"வேற என்னெல்லாம் உனக்குத் தெரியாது?"

தெரியாதது எது என்று தெரிந்தால் தங்கச்சி அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க மாட்டாளா? கட்டிலில் கொழுந்தனின் மூச்சு மட்டும் விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிலிண்டரின் பக்கம் திரும்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து போய் அவருடைய போர்வையை இழுத்துவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு இவனுக்கு முட்டுனா யாரக் கூப்புடுறது?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் வாசலில் இருந்து சொன்னேன்.

"எங்களத்தாம்மா."

"வேற வண்டி கெடையாதா?"

"கெடையாதும்மா" என்றேன்.